தண்ணீர்க் குழாயும் எர்த்தும்: வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயரிங் வேலைக்குப் போகும் வீடுகளில் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாம் தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியவை: 230 வோல்ட் சப்ளை, வீட்டு ஓரத்தில் ஓர் எர்த் குழி, பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயும் புதிய பிளாஸ்டிக் குழாயும் கலந்த பிளம்பிங், கீசர், போர் மோட்டார். படித்துப் புரிந்துகொள்வதற்காக எழுதியிருக்கிறேன். டி.பி. பாக்ஸை, அதாவது வீட்டுக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியைத் திறக்கும் வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

குழாயைத் திருகும்போது சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. முதலில் என்ன செய்வது?

குழாயை மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டாம். ஈரக் கையோடு கீசர் சுவிட்சையும் தொடாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வீட்டில் எல்லோரிடமும் குளியலறைப் பக்கம் போக வேண்டாமென்று சொல்லுங்கள். மெயினை அணைத்த பிறகும் குழாயில் ஷாக் இருந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து வருகிறது: பக்கத்து வீடு, மேல் மாடி, அல்லது சர்வீஸ் லைன். அப்போது மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-ல் புகார் சொல்லுங்கள். யாராவது குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். மெயினை அணைத்த பிறகுதான் தொட வேண்டும், அப்புறம் 108.

“லேசாத்தான் அடிக்குது, பழகிடுச்சு” என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும். இன்று லேசாக இருப்பதற்குக் காரணம் நீங்கள் போட்டிருக்கும் செருப்பாக இருக்கலாம், அல்லது காய்ந்த தரையாக இருக்கலாம். கசிவின் அளவு அப்படியே இருக்க, நாளைக்குத் தரை ஈரமானாலே நிலைமை மாறிவிடும்.

குழாயில் கரண்ட் எப்படி வருகிறது?

நம் ஊரில் முதல் சந்தேகம் கீசர் மேல்தான். உள்ளே இருக்கும் எலிமென்ட் ஓர் உலோக உறைக்குள் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் அதன் மேல் வெள்ளையாகப் பொரிந்து காரை ஏறும். சூடு வெளியேற வழியில்லாமல் உறை வெடிப்பு விடும். அதன்பின் பேஸ் கரண்ட் நேராகத் தண்ணீரைத் தொடுகிறது. கீசரின் எர்த் சரியாக இருந்தால் அது எர்த் வழியாகப் போய்விடும். எர்த் இல்லையென்றால் தண்ணீர், குழாய், கடைசியில் உங்கள் கை.

அடுத்து போர் மோட்டாரின் வைண்டிங் ஈரமாகிக் கசிவது. சுவருக்குள் ஓடும் வயரை ஆணியோ குழாய் கிளாம்போ குத்திக்கொண்டு நிற்பது. வாஷிங் மெஷின், ஆர்.ஓ. மெஷின் கசிவு. எர்த்தையும் நியூட்ரலையும் யாரோ ஒன்றாக முறுக்கி வைத்திருப்பது (இதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்).

வாஷிங் மெஷினைத் தொட்டால் மட்டும் லேசாகக் கூசுகிறது என்றால், பெரும்பாலும் மெஷினில் பழுது இருக்காது. அதற்குள் இருக்கும் பில்டர் கண்டென்சர்கள் எப்போதும் மிகச் சிறிய கரண்டை எர்த்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். எர்த் பின் துண்டாகியிருந்தால் மெஷின் உடம்பில் சப்ளையில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு நிற்கும். அந்தக் கூச்சமே உங்கள் ப்ளக் பாயிண்டில் எர்த் இல்லை என்று சொல்கிறது. அதைக் கவனியுங்கள்.

எர்த்திங், பாண்டிங் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. எர்த்திங் என்பது உலோக உடம்பை மண்ணோடு இணைப்பது. பாண்டிங் என்பது ஒரே நேரத்தில் கைக்கு எட்டும் உலோகங்களை ஒன்றோடொன்று கம்பியால் இணைப்பது. கீசர் உடம்பு, ஜி.ஐ. குழாய், ஸ்டீல் சிங்க், எல்லாம் ஒரே கம்பியில் சேர்ந்துவிட்டால், கோளாறு வரும்போது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ்தான் ஏறும். ஒரு கை கீசரிலும் இன்னொரு கை குழாயிலும் இருந்தாலும் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் அநேகமாக இருக்காது. வித்தியாசம் இல்லாத இடத்தில் உடம்பு வழியாகக் கரண்ட் ஓடாது.

எங்கள் பழைய வீட்டில் எர்த் கம்பியை ஜி.ஐ. குழாயில்தான் கட்டியிருக்கிறார்கள். நாற்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லையே?

ஒரு காலத்தில் அது வேலை செய்தது உண்மைதான். வீட்டுக் குழாய் ஜி.ஐ., தெருவிலிருந்து வரும் இணைப்பும் ஜி.ஐ., தெருவின் பெரிய குழாய் வார்ப்பிரும்பு. மண்ணுக்குள் அவ்வளவு நீளம் ஓடும் உலோகம் நல்ல எர்த்தாகவே இருக்கும். இன்று அந்தத் தொடர் பல வீடுகளில் அறுந்துவிட்டது. தெரு இணைப்பை எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிட்டார்கள். தண்ணீர் மீட்டர் பிளாஸ்டிக் உடம்போடு வருகிறது. மொட்டை மாடி டேங்க் பிளாஸ்டிக். நடுவில் எங்கோ துருப்பிடித்த இடத்தில் பிளம்பர் இரண்டடி பி.வி.சி. போட்டு ஒட்டியிருக்கிறார்.

இதில் ஒன்று நடந்தாலே போதும், உங்கள் எர்த் காணாமல் போய்விடும். லைட் எரியும், பேன் சுற்றும், கீசர் சூடாகும். எந்த அறிகுறியும் தெரியாது. அதைவிட மோசம், மண்ணிலிருந்து துண்டான அந்த ஜி.ஐ. குழாய் இன்னும் உங்கள் எர்த் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிட்ஜில் கசிவு வந்தாலும், மிக்ஸியில் வந்தாலும், அந்தக் கரண்ட் எர்த் கம்பி வழியாக வந்து குளியலறைக் குழாயில் நிற்கும். பாதுகாப்புக்கு என்று கட்டிய கம்பியே ஷாக்கைக் குளியலறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆகவே குழாயை எர்த்தாக நம்பாதீர்கள். தனியாக எர்த் குழி போட்டு, அதிலிருந்து டி.பி.க்கு எர்த் கொண்டுவந்து, உலோகக் குழாய் மிச்சமிருந்தால் அதை அந்த எர்த்தோடு பாண்டிங் செய்யுங்கள். கம்பி இருக்கும் இடம் ஒன்றுதான், ஆனால் வேலை தலைகீழ்: முன்பு குழாய் உங்களுக்கு எர்த் கொடுத்தது, இப்போது குழாய்க்கு நீங்கள் எர்த் கொடுக்கிறீர்கள்.

அமெரிக்க வீடியோக்களில் தண்ணீர்க் குழாயிலேயே எர்த் இணைக்கிறார்களே?

அங்கே மண்ணுக்குள் 10 அடி அல்லது அதற்கு மேல் ஓடும் உலோகத் தண்ணீர்க் குழாயை எர்த் எலக்ட்ரோடாக (கரண்டை மண்ணில் இறக்கும் உலோகமாக) பயன்படுத்த வேண்டும் என்று அவர்களுடைய மின் விதியே சொல்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது, கூடவே இன்னொரு எலக்ட்ரோடு கட்டாயம் வேண்டும் என்றும் சொல்கிறது. காரணம் நாம் மேலே பார்த்ததுதான், என்றாவது ஒரு நாள் குழாய் பிளாஸ்டிக்காக மாறிவிடும். தண்ணீர் மீட்டரைக் கழற்றினாலும் தொடர் அறுந்துபோகாமல், மீட்டரின் இரு பக்கத்தையும் தடித்த கம்பியால் இணைக்கவும் சொல்கிறார்கள். பிரிட்டன் விதியோ, தண்ணீர் வாரியத்தின் குழாயை எர்த் எலக்ட்ரோடாகப் பயன்படுத்தவே கூடாது என்கிறது. பாண்டிங் மட்டும் செய்யலாம். அவர்களுடைய சப்ளை அமைப்பும் நம்முடையதும் வேறு. வீடியோவைப் பார்த்து இங்கே அப்படியே செய்யாதீர்கள்.

எர்த் குழி நன்றாக இருக்கிறது. அப்புறம் எதற்கு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்)?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும். ஏனென்றால் “எர்த் இருந்தால் எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்துவிடும்” என்ற நம்பிக்கை நம் ஊரில் அவ்வளவு ஆழமாக இருக்கிறது.

உங்கள் எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ் 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அது நல்ல குழிதான். டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 2 ஓம். கீசரில் பேஸ் நேராக உடம்பைத் தொட்டுவிட்டது. கரண்ட் உங்கள் குழி வழியாக மண்ணில் இறங்கி, மண் வழியாகவே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப வேண்டும். 230-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 33 ஆம்பியர். கீசருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் ‘சி’ வகை எம்.சி.பி. சட்டென்று விழ 80-லிருந்து 160 ஆம்பியர் வரை வேண்டும். 33 ஆம்பியருக்கு அது சூடேறி விழ ஒரு நிமிடமோ அதற்கு மேலோகூட ஆகலாம். அதுவரை கீசர் உடம்பிலும், அதோடு பாண்டிங் செய்த குழாயிலும் நிற்கும் வோல்டேஜ் 33 பெருக்கல் 5, அதாவது 165 வோல்ட். இதுதான் நல்ல எர்த் குழி உள்ள வீட்டின் கதை. குழி காய்ந்து 50 ஓம் ஆகிவிட்டால் கரண்ட் 5 ஆம்பியரைக்கூடத் தாண்டாது, எம்.சி.பி. எத்தனை மணி நேரமானாலும் விழாது.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேறு மாதிரி யோசிக்கிறது. பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்பியதா என்று மட்டும் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே 0.3 வினாடிக்குள் விழுந்துவிட வேண்டும். கசிவு அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் 0.04 வினாடிக்குள். அதற்கு 5 ஓம் குழிகூட அவசியமில்லை. 200 ஓம் குழியாக இருந்தாலும் 30 மில்லி ஆம்பியர் கசியும்போது குழாயில் நிற்பது வெறும் 6 வோல்ட். நனைந்த உடம்பின் ரெசிஸ்டன்ஸ் 1000 ஓம் அளவுக்கு இறங்கும் என்பதையும், 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பலருக்குப் பிடித்த கையை விட முடியாது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு வீட்டில் ஒரே ஒரு பாதுகாப்புச் செலவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ஆர்.சி.சி.பி.யைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

ஆனால் ஒன்று: ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்கு அது சாதாரண பல்பு மாதிரிதான் தெரியும், விழாது. மீட்டருக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் நடுவில் உள்ள வயரில் கசிவு வந்தாலும் விழாது. அதனால்தான் எர்த்தும் பாண்டிங்கும் கூடவே இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் எல்லாமே சி.பி.வி.சி. குழாய். எங்களுக்கு இந்தக் கவலை இல்லைதானே?

குழாய்க்கு பாண்டிங் வேண்டாம். பிளாஸ்டிக்கில் கிளாம்ப் போட்டு ஒரு பயனும் இல்லை. சுவரில் தனியாக நிற்கும் பித்தளைக் குழாய்க்கும் தேவையில்லை. ஆனால் கவலை போகவில்லை. குழாய்தான் பிளாஸ்டிக், உள்ளே இருப்பது தண்ணீர். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1000-க்கு மேல் உள்ள போர் தண்ணீரை எடுத்துக்கொண்டால், அரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் நீளத் தண்ணீருக்கு உத்தேசமாக 40,000 ஓம் வரும். எர்த் இல்லாத கீசரில் எலிமென்ட் வெடித்துத் தண்ணீர் முழு 230 வோல்ட்டில் நின்றால், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் மிக்ஸர் குழாயில் (சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாய்) கை வைத்தவருக்கு 5, 6 மில்லி ஆம்பியர் பாயும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் கூடும். கீசருக்கு நேர் கீழே அரை மீட்டரில் மிக்ஸர் இருந்தால் 10-ஐத் தாண்டிவிடும். வழுக்கும் தரையில் நிற்பவரைக் கீழே தள்ள அதுவே அதிகம்.

இதற்கு மருந்து கீசரின் எர்த்தில் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வரும், வெளியே போகும் இரண்டு உலோக முனைகளும் டேங்கோடு சேர்ந்து எர்த் ஆகியிருந்தால், வெளியே போகும் தண்ணீர் அந்த எர்த் ஆன உலோகத்தை உரசிக்கொண்டுதான் போகும். வோல்டேஜ் அங்கேயே இறங்கிவிடும். ஆகவே சி.பி.வி.சி. வீட்டில் பார்க்க வேண்டியது கீசர் ப்ளக்கின் பெரிய பின், அது போகும் சாக்கெட்டில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்பது, அப்புறம் ஆர்.சி.சி.பி. சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருப்பது எர்த் இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லாத சாக்கெட்டுகளை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன்.

பாண்டிங் செய்ய எந்தக் கம்பி, எங்கே கட்டுவது?

உலோகக் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், முதல் கிளை பிரிவதற்கு முன்னால், டி.பி.யின் எர்த் பட்டையிலிருந்து குறைந்தது 6 சதுர மி.மீ. பச்சை அல்லது பச்சை-மஞ்சள் தாமிரக் கம்பி. குளியலறைக்குள் கீசர் எர்த்தையும் குழாயையும் இணைக்க 4 சதுர மி.மீ.; கம்பி பைப்புக்குள் பாதுகாப்பாகப் போனால் 2.5 போதும்.

கம்பியைக் குழாயில் சுற்றி முறுக்கிவிட்டுப் போவதை ஏற்காதீர்கள். ஆறு மாதத்தில் துரு ஏறி இணைப்பு பெயருக்குத்தான் இருக்கும். குழாயில் பெயிண்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து எடுத்து, குழாய் கிளாம்ப் போட்டு, ஈயம் பூசிய லக் (கம்பி முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து போல்ட் முடுக்க வேண்டும். தாமிரத்தை ஈரமான ஜி.ஐ. மேல் நேராக வைத்தால் துத்தநாகப் பூச்சு அரித்துப்போகும். கிளாம்ப் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும், டைல்ஸுக்குப் பின்னால் புதைக்க வேண்டாம்.

முடிந்ததும் மெயினை அணைத்துவிட்டு, குழாயின் கடைசி முனைக்கும் எர்த் பட்டைக்கும் நடுவே மல்ட்டிமீட்டரில் ஓம் பாருங்கள். மீட்டரின் இரண்டு வயர்களையும் முதலில் ஒன்றாகத் தொட்டு அதன் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் அரை ஓமுக்குள் இருந்தால் நல்லது. பல ஓம் காட்டினால் நடுவில் எங்கோ பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது, அல்லது ஜாயின்ட் துருப்பிடித்திருக்கிறது.

டெஸ்டர் வைத்தால் குழாயில் எரியவில்லை. அப்படியானால் பத்திரம்தானே?

டெஸ்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். பக்கத்தில் ஓடும் வயரின் தூண்டலாலேயே மங்கலாக எரியும். ஆபத்தான 50, 60 வோல்ட் நிற்கும்போது எரியாமலும் இருக்கும். மல்ட்டிமீட்டரிலும் தூண்டல் வோல்டேஜ் பொய்யாகக் காட்டும். அதனால் எலக்ட்ரீஷியன் ஒரு சின்ன குண்டு பல்பைக் குழாய்க்கும் நிச்சயமான எர்த்துக்கும் நடுவே லோடாகப் போட்டு அளப்பார். தூண்டலாக இருந்தால் வோல்டேஜ் பொசுக்கென்று விழுந்துவிடும், நிஜக் கசிவாக இருந்தால் நிற்கும்.

போர் மோட்டாருக்கும் குழாய்க்கும் எர்த் எப்படி?

சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் கீழே இறக்கும் தட்டைக் கேபிளைப் பாருங்கள். மூன்று கோர்தான் இருக்கும், மூன்றும் மோட்டாரை ஓட்டுவதற்கே சரியாகிவிடும். எர்த்துக்கென்று கம்பி இல்லை. முன்பு மோட்டாரை ஜி.ஐ. குழாயில் தொங்கவிட்டார்கள், குழாயே எர்த் கம்பி வேலையையும் செய்தது. இப்போது எச்.டி.பி.இ. குழாயில் இறக்குகிறோம். மேலே ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மட்டும் எர்த் கொடுத்துவிட்டு, மோட்டார் உடம்புக்குத் தண்ணீரைத் தவிர வேறு எர்த் இல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மோட்டாரை அடுத்த தடவை மேலே எடுக்கும்போது தனியாக ஓர் எர்த் கம்பியையும் சேர்த்து இறக்கச் சொல்லுங்கள். மேலே தெரியும் இரும்புக் கேசிங், கிளாம்ப், வெளியே வரும் ஜி.ஐ. பெண்ட் எல்லாவற்றையும் எர்த்தோடு இணைத்துவிடுங்கள். குழந்தைகள் கை வைப்பது அந்த பெண்ட்டில்தான்.

மோட்டார் போட்டாலே ஆர்.சி.சி.பி. விழுகிறது. எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

எடுக்காதீர்கள். அது சொல்வதைக் கேளுங்கள். முதலில் கேபிள் ஜாயின்ட்டைப் பாருங்கள், பெரும்பாலும் அதில்தான் தண்ணீர் இறங்கியிருக்கும். மெக்கர் என்ற மீட்டரை வைத்து மோட்டாரின் இன்சுலேஷனை அளக்கச் சொல்லுங்கள். நல்ல மோட்டாரையும் சேர்த்து ஒரே ஆர்.சி.சி.பி.யில் முழு வீடும் இருந்தால் சின்னச் சின்னக் கசிவெல்லாம் சேர்ந்தும் விழலாம். அப்போது மோட்டாருக்குத் தனியாக ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். மாதம் ஒரு தடவை ஆர்.சி.சி.பி.யில் உள்ள ‘டி’ (டெஸ்ட்) பட்டனை அழுத்திப் பாருங்கள். பட்டன் ஆர்.சி.சி.பி.யை மட்டும்தான் சோதிக்கும். எர்த் கம்பி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு இழுத்துவிட்டார்கள். சரியா?

மிகப் பெரிய தவறு. தெருக் கம்பத்திலோ மீட்டரிலோ நியூட்ரல் கட்டானால், ஓடிக்கொண்டிருக்கும் பல்பு வழியாகவே பேஸ் வந்து நியூட்ரலில் நிற்கும். அதோடு இணைந்த கீசர் உடம்பு, பிரிட்ஜ் கதவு, குழாய் எல்லாம் ஒரே நொடியில் 230 வோல்ட். மழைக்காலத்தில் நியூட்ரல் கட்டாவது நம் ஊரில் அதிசயம் இல்லை. ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் இப்படி இணைத்திருந்தால் அது அடிக்கடி விழும், அதற்காகவே ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிய வீடுகளும் உண்டு. இந்த முறுக்கை இன்றைக்கே பிரிக்கச் சொல்லுங்கள்.

எர்த் குழிக்கு உப்பும் கரியும் போட்டாக வேண்டுமா?

போடலாம், ஆனால் உப்பு கரைந்து போகும், குழாயையும் அரிக்கும். ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தரத்தில் சொல்லியிருக்கும் குழாய் எலக்ட்ரோடு 2.5 மீட்டர் நீளம். ஆழமும் ஈரமும்தான் முக்கியம். கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

அபார்ட்மெண்டில் மேல் மாடிக் கோளாறு எங்கள் குழாயில் வருமா?

ஜி.ஐ. குழாய் மாடிகளுக்கு நடுவே தொடர்ந்தால் கண்டிப்பாக வரும். உங்கள் ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் கரண்ட் உங்கள் வயரில் வரவில்லை. இங்கே செங்குத்தாக ஓடும் பொதுக் குழாயைக் கட்டடத்தின் பொது எர்த்தோடு பாண்டிங் செய்வதும், ஒவ்வொரு பிளாட்டிலும் ஆர்.சி.சி.பி. இருப்பதும்தான் வழி. சங்கக் கூட்டத்தில் பெயிண்ட் செலவுக்கு முன்னால் இதைப் பேசுங்கள்.

ஹீட்டர் ராடு போட்ட வாளித் தண்ணீரைத் தொடலாமா?

சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகு. இரும்பு வாளியில் ராடு போடவே வேண்டாம்.

பழைய ஜி.ஐ. குழாயை அறுத்து மாற்றப் போகிறோம். பிளம்பரிடம் என்ன சொல்ல வேண்டும்?

மெயினை அணைத்துவிட்டு அறுக்கச் சொல்லுங்கள். அணைத்த பிறகும் பக்கத்து வீட்டுக் கரண்ட் குழாயில் ஓடிக்கொண்டிருக்கலாம். அறுத்த இரண்டு முனைகளையும் இரண்டு கையால் பிடிப்பவர்தான் அப்போது கம்பியாகிறார். அதனால் அறுக்கும் இடத்தின் இரு பக்கமும் கிளாம்ப் போட்டு ஒரு தடித்த கம்பியால் முதலில் இணைத்துவிட்டு, அப்புறம் ரம்பத்தை எடுக்க வேண்டும். புதிதாகப் போடுவது பிளாஸ்டிக் என்றால், அந்தக் குழாயில் பழைய எர்த் கம்பி ஏதாவது கட்டியிருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், எர்த் குழியிலிருந்து டி.பி.க்குத் தனிக் கம்பி வந்து அளந்து பார்த்த பிறகே அந்தக் குழாயில் கை வைக்கட்டும்.